ஏழாவது கிரீனில் ஒரு கோடு

இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று
சொன்னவன் நான்தான்.
வெர்னா நம்பி ஓட்டிப் போனாள்,
என்னைவிட மூத்த அந்தப் புல்வெட்டியை.

விஸ்கான்சின் விடியலில்
எண்ணெயும் பனித்துளி போலத்தான் மின்னும்.

மூன்றாம் நாள் புல் சொன்னது:
ஏழாவது கிரீனில் கரை தொட்டுக் கரை
கருகிய கோடு,
அவள் திரும்பிய இடத்தில் சற்றே தடித்து.

கசிவைக் கையால் தேடக் கூடாது.
அந்த அழுத்தத்தில்
எண்ணெய் தோலுக்குள் ஊசியாய் இறங்கும்.
அட்டையை நீட்டினேன். நனைந்தது.
ஒரு புது ஹோஸ், பத்து நிமிட வேலை.
கோடு மட்டும் ஆகஸ்ட் வரை.

சனிக்கிழமை பல்மருத்துவர் ஹால்வர்சன்
குந்தி உட்கார்ந்து யோசித்து
பந்தைக் கோட்டின் மேலேயே உருட்டினார்.
விழுந்தது.

"யார் போட்ட கோடு?"

வெர்னா என்னைப் பார்த்தாள்.
ரெஞ்சைத் தூக்கிக் காட்டினேன்.