நாலாவது திருகாணி

களியக்காவிளை, மீன்சந்தைக்கு எதிர்மாடி.
ஜெபின் மடிக்கணினியைக் கவிழ்த்துக் காட்டுகிறான்.
பத்துத் திருகாணியில்
நாலாவது மட்டும் பித்தளை நிறம்.
"ஒருக்காதான் தொறந்தது, சேச்சி. போர்டு மாத்தல."

பதினோராயிரத்து ஐநூறு
கைப்பைக்குள் வியர்க்கிறது.

அழிக்கும் விசை மட்டும் தேய்ந்து வழுவழுப்பு.
யாரோ நிறைய எழுதி
நிறைய வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள்.
காதை வைத்தேன்: விசிறியில்
அரிசி புடைக்கிற சத்தம்.

"மார்த்தாண்டம் கடைசி பஸ் வரைக்கும் ஓடட்டும்."
ஸ்டூல் போட்டான்.
இரண்டு கட்டன்சாயா.

எட்டே காலுக்குக் கரண்டு போனது.
தெரு முழுக்க இருட்டு;
திரையில் நாற்பத்தொரு சதவீதம்.

அந்த வெளிச்சத்தில் தலையைச் சொறிந்தான்:
"கீபோர்டு வேற மெஷினுக்குள்ளது, சேச்சி."

அப்போ
அழித்தவர் இதில் எழுதியதே இல்லை.

பதினொன்றை எண்ணி வைத்தேன்.
ஐநூறைப் பற்றி
அவனும் கேட்கவில்லை.