நான்காவது குழி

செப்டம்பருக்குள் தோண்டியாக வேண்டும்.
பிறகு கிரீன்லாந்து மண்ணில் கடப்பாரை தெறிக்கும்.
அறுபத்திரண்டு பேருக்கு
இந்தக் குளிர்காலம் நான்கு குழிகள் என்றான் இனூத்தெக்.
யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.
கடையில் மாவு வாங்க நின்றபோது மட்டும்
ஒருவர் இருமலை ஒருவர் எண்ணிக்கொண்டோம்.

முதலாவது, பனி பிளந்து விழுங்கித்
திருப்பித் தந்த ஹன்சிக்கு.
இரண்டாவது சிசீலியாவுக்கு;
அவளே முன்னதாகப் போய்ப் பார்த்து
ஈரம் அதிகம் என்று குறை சொல்லியிருந்தாள்.
மூன்றாவது
என் மகளுக்கு. ஆறு வாரம்.
குழி அவளுக்கு மிகப் பெரிது.
இரவெல்லாம் விளக்கு வைத்துக்
கல் அடுக்கி அடுக்கி அதைச் சிறிதாக்கினான் இனூத்தெக்.

நம்பிக்கை ஒரு நங்கூரம் என்பார் உபதேசியார்.
நங்கூரத்தோடு சேர்ந்தே போன படகுகள்
எங்கள் துறையில் எத்தனை.
தலையாட்டி வைப்பேன்,
மார்பில் பால் கட்டிய வலியோடு.

ஈஸ்டர் அன்று
கல் புரண்டு கிடந்ததை அவர் வாசித்தபோது
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே நான்காவது குழி.
விளிம்புவரை பனி, குறுக்கே ஒரு நரியின் தடம்.
அதற்கு யாரும் வரவில்லை.
நான்கு என்று நாங்கள் போட்ட கணக்கில்
ஒன்று பொய்த்திருந்தது.

ஆராதனை முடிந்து அங்கே போய் நின்றேன்.
உயிர்த்தெழுந்தார், உயிர்த்தெழுந்தார் என்று
வாசலில் ஊர் கைகுலுக்கிக்கொண்டிருந்தது.
இனூத்தெக் பின்னால் வந்தான்.
"மண் இளகியதும் மூடிவிடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.
காலியான குழி எப்படி இருக்கும் என்று
பக்கத்தில் படுத்திருப்பவள்
பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.