மீன்தொட்டிக்கு அடியில்

பிப்ரவரி, டுலூத்.
ஏரி உறைந்துவிட்டது. மேட்டுத்தெரு முழுக்க உப்பு.
இரண்டாம் மாடிக்குப் பதினான்கு பெட்டிப் பலகையை
ஏற்றி இறக்கி மூச்சு வாங்கியபோது
ஹெக்டால் சொன்னார்:
அறை காலியாக இருக்குமென்று கடிதம் போட்டேனே.
லோர்னா சொன்னாள்:
காலி செய்து தருவீர்களென்று படித்தேனே.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன்.
‘பொருட்கள் அகற்றப்பட வேண்டும்.’
யாரால் என்று ஒரு சொல் இல்லை.
ஆள் இல்லாத அந்த வாக்கியத்துக்குள்
ஒரு சோபா, இரண்டு அலமாரி, கட்டில்,
அறுபது கேலன் மீன்தொட்டி.

நான் சதுர அடிக்குக் கூலி வாங்குகிறவன்.
தூக்குவதற்குப் பேசவில்லை.
பெட்டிமேல் உட்கார்ந்து
பிளாஸ்கைத் திறந்தேன்.

தரை என்னுடையது, மேலே நிற்பது உன்னுடையது
என்றார் அவர்.
ஜன்னலோரம் பூஞ்சை என்று மூன்று வருஷம் சொன்னேன்,
அப்போது தரை யாருடையது
என்றாள் அவள்.

பிறகு அவர் கம்பளத்தைக் காட்டினார்.
வாசலிலிருந்து தொட்டி வரைக்கும்
ஒற்றையடிப் பாதை ஒன்று வெளுத்துக் கிடந்தது.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவு வேலை அவளுக்கு.
விடிகாலை நாலுக்கு வந்து
கீழ்வீடு விழிக்காமல் காலுறையோடு நடந்து
முதலில் மீனுக்குத்தான் தீனி.
பதினோரு வருஷம்.
முன்பணத்தில் பிடிப்பேன் என்றார்.

அதுவரை பேசாத நான்
அங்கே வாயைத் திறந்துவிட்டேன்.
கிழிசல் என்றால் பிடியுங்கள், கறை என்றால் பிடியுங்கள்.
இது நடந்த தேய்வு.
மிதிபடுவதைத் தவிர
கம்பளத்துக்கு வேறென்ன உத்தியோகம்?

யாரும் என்னிடம் கேட்கவில்லைதான்.

கடைசியில் ஹெக்டால் கோட்டைக் கழற்றினார்.
அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை,
நடுவில் எனக்குத்தான் பாரம்.
சோபா சமையலறைக்குப் போயிற்று.
நிமிர்த்தி வைத்த கட்டில்
கழிவறைக் கதவைப் பாதி மறைத்தது.
இரண்டு நாள் இப்படித்தான் என்றேன்.
அப்படியானால் இரண்டு நாள் வாடகையைக் கழியுங்கள்
என்றாள், பக்கவாட்டில் நுழைந்துகொண்டே.
இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று
அவர் முணுமுணுத்தார்.
முணுமுணுத்துக்கொண்டே
என் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.
ஐம்பத்தெட்டு டாலர்.

தொட்டிதான் மிச்சம்.
வடித்தால் கிழட்டு மீன் தாங்காது.
வடிக்காமல் தூக்கினால் கண்ணாடி தாங்காது.
உடைந்தால் யார் தலையில் என்று
கடிதத்திலும் இல்லை, ஒப்பந்தத்திலும் இல்லை.
தரையில் விழுந்த மீன் என்பது
வாய்ச்சொல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று
மூன்று பேரும் சும்மா நின்றோம்.
குமிழி விடும் மோட்டார் மட்டும்
தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

சுற்றி வெட்டிவிடுகிறேன் என்றேன்.

ஹெக்டால் எழுதினார்:
தொட்டிக்கு அடியில் பழசு இருக்கும்.
அவள் போகும் அன்று அதை மாற்றுவது என் செலவு.
லோர்னா வாங்கி எழுதினாள்:
அதற்குள் தண்ணீர் கசிந்தால் என் செலவு.
மிச்சப் பெட்டி ஒன்று அலமாரியின் உச்சியில்
என்று நானும் ஒரு வரி சேர்த்தேன்.
குளிரில் பேனா எழுதவில்லை.
அக்குளில் வைத்துச் சூடாக்கி
ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் மாலை முடிந்தது.
கத்தியால் விளிம்பைச் சீவியபோது பார்த்தேன்,
தொட்டியின் கால்களுக்கு நடுவே
வெயிலும் பாதமும் படாத இடத்தில்
கம்பளம் பச்சையாக இருந்தது.
மற்ற இடமெல்லாம் பழுப்பு என்றுதானே
நானே நினைத்திருந்தேன்.

லோர்னா செருப்பைக் கையில் பிடித்தபடி
புதுப் பலகையில் நாலு அடி வைத்தாள்.
சத்தம் கேட்கிறதே என்றாள்.
கீழ்வீட்டுக்கும் கேட்கும் என்றேன்.

கம்பளம் போன உயரத்துக்கு
வாசல் கதவின் கீழே இப்போது விரல் நுழையும் சந்து.
மாடிப்படியின் குளிர் அதன் வழியாக
நேராக உள்ளே வந்தது.

இது யார் பொறுப்பு என்று
இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ரப்பர் சுத்தியலைத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.