நிலை: உயிருடன்

காக்கையின் பெயர் வைத்த தீவு இது.
காக்கை கிடையாது.
கோர்வுவில் நானூறு பேர், அதைவிடக் கூடுதலாய் மாடுகள்,
அட்லாண்டிக்கைப் பார்த்தபடி ஒரே ஓர் ஓடுபாதை.
விமானம் இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது
தீயணைப்பு வண்டியில் போய்
ஹாரன் அடித்துப் பறவைகளைக் கிளப்புவது என் வேலை.
பதினொரு வருஷமாய் நான் பார்த்ததெல்லாம்
அவற்றின் முதுகைத்தான்.

அக்டோபரில் அவர்கள் வருவார்கள்,
தோளில் முக்காலியும் கழுத்தில் கண்ணாடியுமாய்.
அமெரிக்கக் கரையில் புயல் என்றால் இவர்களுக்குத் திருவிழா.
காற்று தள்ளிக்கொண்டு வந்த ஏதாவது ஒன்றுக்காக
ஓடையிடுக்குகளில் நாளெல்லாம் குந்தியிருப்பார்கள்.
நர்சிசோவின் மேய்ச்சல் சுவரை மூன்று இடத்தில் சரித்தாயிற்று.

பதினான்காம் தேதி, செவ்வாய், தென்மேற்குக் காற்று.
அவர்கள் எல்லாரும் மலைமேல், மேகத்துக்குள்.
நான் என் பின்வாசலில், கையில் காப்பி.

சுவர்மேல் இருந்தது.

மேலே சாம்பல். கீழே மஞ்சள்,
எலுமிச்சையில்லை, கந்தகமில்லை,
முட்டையை உடைத்ததும் தெரியுமே, அது.
மார்பில் கருகமணி கோத்த மாதிரி,
நூல் தேய்ந்துபோன கருகமணி.
கண்ணைச் சுற்றி வளையம். இறக்கையில் கோடில்லை.
வாலடி வெள்ளை.
ஓர் ஈயைப் பிடித்தது. விழுங்கியது.
தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

ஃபோன் உள்ளே சார்ஜில். எடுக்கப் போனேன்.
வந்தபோது சுவர்தான் இருந்தது.
சுவரை ஒரு படம் எடுத்தேன், எதற்கென்று தெரியாமல்.
பிறகு மின்கட்டண ரசீதின் பின்னால்
எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் எழுதிவைத்தேன்,
ஈ உட்பட.

சாயங்காலம் தோர்ஸ்டன் என்கிற ஸ்வீடன்காரர்
ரசீதைப் படித்தார். திரும்பவும் படித்தார்.
வால் ஓரத்தில் வெள்ளை? கவனிக்கவில்லை.
இறக்கையில் கோடு நிச்சயமாக இல்லையா? இல்லை என்று எழுதியிருக்கிறேனே.
இடுப்பில் மஞ்சள்?
அது எனக்கு முதுகைக் காட்டவில்லை என்றேன்,
அதுதான் விசேஷமே.
கனடா கதிர்க்குருவியாக இருக்கலாம் என்றார்.
'இருக்கலாம்' என்று சொல்லும்போது
ரசீது அவர் கையில் ஆடியது.

மறுநாள் என் சந்தில் முப்பத்திரண்டு பேர்.
ஒரு பேச்சில்லை. சாவு வீட்டுக்கு முன்கூட்டியே வந்தவர்கள்போல.
ஒன்பது மணி சுமாருக்கு என் பூனை ஃபரூஷ்கா
ஹைட்ராஞ்சியா வேலிக்கடியிலிருந்து வெளியே வந்தாள்,
பரிசு கொண்டுவருகிற நடையில்.

தோர்ஸ்டன் தொப்பியைக் கழற்றினார்.
பிறகு அளவுகோலை எடுத்தார்.
இறக்கை அறுபத்துமூன்று மில்லிமீட்டர்.
இரண்டாயிரம் கிலோமீட்டர் கடலை
இதை வைத்துக்கொண்டுதான்.

மார்ச்சில் லிஸ்பனிலிருந்து கடிதம்.
ஏற்கப்பட்டது. கனடா கதிர்க்குருவி, ஒன்று,
பெண், முதலாண்டு. அக்டோபர் பதினைந்து.
இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. ஆதாரம்: உடல்.
என் பெயரும் இருந்தது, எழுத்துப் பிழையோடு.
அது கிடக்கட்டும்.

செயலர் எவுரிக்கோ சலேமா அவர்களுக்கு எழுதினேன்:
தேதி பதினான்கு. நேரம் ஏழு நாற்பது.
நிலை: உயிருடன்.
கண்டெடுக்கவில்லை, கண்டேன்.
பதில் மரியாதையாகவே வந்தது:
படமில்லை. முந்தைய நாள் பறவையும் இதுவும்
ஒன்றே என நிறுவ இயலாது.

நியாயம்தான். பூனை என்னுடையது,
அவள் கொண்டுவந்ததை நம்புகிறார்கள்.

இன்று ஓய்வு நாள். மறுபடி எழுதியிருக்கிறேன்:
ஐயா, சுவரின் படம் இத்துடன் இணைப்பு.
காலியாகத்தான் தெரியும்.
வலப்பக்கம், மேல் வரிசை, மூன்றாவது கல்லைப்
பெரிதாக்கிப் பாருங்கள்.
ஒரு வெள்ளைச் சொட்டு.
எச்சம்.
இன்னும் காயவில்லை.