பிரிப்பு மேஜை

பொதி ஒன்று ஐந்நூறு கிலோ.
கம்பியை வெட்டியதும்
மூச்சைப் பிடித்திருந்தவன் விட்டதுபோல்
புடைத்துச் சரியும்.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
பிராத்தோவின் ஆற்றங்கரைக் கிடங்கில்
எங்களிடம் வந்து சேர்வது
அந்த இரண்டாம் பாதி மட்டும்:
ராட்டர்டாமிலிருந்து, லியோனிலிருந்து,
சீட்டில் ஊர் அழிந்துபோன துறைமுகங்களிலிருந்து.

என் பெயர் மொரேனா.
கம்பளியைக் கம்பளி என்று சொல்வதற்கு
இருபத்தாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.
நான் சொன்னதைக் கிழிப்பார்கள், சீவுவார்கள்,
மறுபடி நூற்று, மறுபடி ஒரு கோட்டு.
நடுவில் அக்ரிலிக் நுழைந்துவிட்டால்
ஒரு தொட்டிச் சாயம் வீண்.

சந்தேகமென்றால் ஓர் இழையை உருவி
தீக்குச்சியைக் காட்டலாம்.
கம்பளியில் முடி பொசுங்கும் வாடை.
பருத்தியில் காகிதம் எரியும் வாடை, ஊதினால் பறக்கும் சாம்பல்.
பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு
கறுத்த மணியாக இறுகும்,
பொய்யில் மாட்டிக்கொண்டவன் முகம் மாதிரி.
எனக்குத் தீக்குச்சி தேவைப்பட்டதே இல்லை.

பழக்கம் வீடுவரை கூடவே வரும்.
கண் திறக்கும் முன்பே உடம்பு
தலையணை உறையோடு பேச ஆரம்பித்துவிடுகிறது.
பாவமன்னிப்புக் கூண்டில் ஊதாத் திரை, செயற்கைப் பட்டு;
பாதிரியார் கேட்ட கேள்வி நினைவில்லை.
காரில் குறுக்கே இழுத்து மாட்டுகிற பட்டையும் நெசவுதான்.
பிஸ்தோயா சாலையில் லாரி மோதிய அன்று
என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அது,
ஓட்டிய கணவர் அல்ல.
வெங்காயச் சாக்கு, விளக்குத் திரி,
ஷூவுக்குள் பாதம் மட்டுமே அறிந்த உள்துணி.
நாளெல்லாம் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறோம்,
தொடுவதாக யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எதிர்ப்பக்கம் யூஃபென். வென்ஜோவிலிருந்து வந்தவள்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக நூறு சொற்கள் இருக்கலாம்,
அதில் அறுபது துணியின் பெயர்கள்.
மீதி நாற்பதில்
பசி, மழை, முதலாளி, முட்டிவலி.

பிப்ரவரியில் ஒரு மெரினோ ஸ்வெட்டரை
அக்ரிலிக் தொட்டியில் போட்டேன்.
யூஃபென் எடுத்து மாற்றிப் போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாளும்.
மூன்றாம் முறை, குனிந்தபடியே,
என் விரல்களைப் பார்த்தாள்.

மருத்துவர் கண்ணை மூடச் சொன்னார்.
“தொடும்போது சொல்லுங்கள்.”
காத்திருந்தேன்.
தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டி இழுத்துப் போனார்கள்.
எங்கோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது.
“எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்றேன்.
“முடித்துவிட்டேன்,” என்றார்.
கண்ணைத் திறந்தால்
அவர் கையில் ஒரு துணுக்குப் பஞ்சு.

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதாம்.
மே மாதம் அறுவை. பாதியாவது திரும்பும் என்கிறார்,
எந்தப் பாதி என்று சொல்லவில்லை.
அந்தப் பஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
குப்பையை எதற்குக் கேட்கிறாள் என்று நர்ஸ் விழித்தாள்.
பஸ்ஸில் யாரும் பார்க்காதபோது
மேலுதட்டில் வைத்தேன்.
பருத்தி. வெளுத்தது. இழை குட்டை, மட்ட ரகம்.
அழுகை வந்தது, சிரிப்பும்;
இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

இப்போது கன்னத்தால் பிரிக்கிறேன்.
வேகம் குறைவு. தூசியில் தும்மல் அதிகம்.
“யாருடைய கோட்டுக்கு முத்தம், மொரேனா?”
என்று வாஸ்கோ கத்துவான், மேஜைகள் சிரிக்கும்.
சிரிக்கட்டும், கணக்குக் குறையவில்லை.

இன்று காலை ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர்.
வலது முழங்கையில் பச்சை நூலால் ஒட்டுத் தையல்,
நிறம் பொருந்தவேண்டும் என்று கவலைப்படாத கை.
உடலைக் கன்னத்தில் வைத்தேன்,
பிறகு முழங்கையை, சற்று அதிக நேரம்.
“லானா,” என்றேன்.
“இரண்டுமா?” என்றாள் யூஃபென்.
“இரண்டும்.”