வலது முழங்காலில் ஒரு பச்சை

ஓல்டனில் மூடுபனி வானத்திலிருந்து வருவதில்லை.
ஆரே ஆற்றிலிருந்து எழும்பி
ரயில் மேடையைத் தின்று, தண்டவாளத்தைத் தின்று,
மைதானத்தின் தூரத்துக் கோல்கம்பத்தையும் தின்றுவிட்டு
ஒரு கிழமை படுத்துக் கிடக்கும்.

அப்படியொரு நவம்பரில்தான் ஓக் சி-ஹூன் வந்திறங்கினான்.
எண்பத்தொன்பது.
என் கையில் அகதி அட்டை,
அவன் கையில் ஒப்பந்தத்தாள்;
இருவரையும் பதிந்தது ஒரே அலுவலகம்,
ஒரே மூக்குக்கண்ணாடிக்காரி.

நான் கழகத்தின் சலவையறையில்.
பதினெட்டுச் சோடி காலுறை, பதினெட்டுக் காற்சட்டை,
அறுபது பாகையில் ஒருமுறை, நாற்பதில் மறுமுறை.
ஆட்டம் பார்க்க நேரமில்லை.
பார்க்கவும் தேவையில்லை,
அழுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.
பின்காவலர்களுக்கு இடுப்பில் சேறு.
கோல்காப்பாளனுக்கு முழங்கையில்.
பயந்தவன் உடுப்பு மடிப்புக் கலையாமல் வரும்.
பதினோராம் இலக்கத்துக்கு மட்டும்
வலது முழங்காலில் ஒரு பச்சை:
விழுந்துகொண்டே இடது காலால் அடிக்கிறவனின் பச்சை.

முதற் பருவத்தில் பத்தொன்பது கோல்.
பந்தை யாருக்கும் கொடுக்கமாட்டான்.
இவனிடம் கொடுப்பதும் ஆற்றில் போடுவதும் ஒன்று என்று
ரவாசியோ கெட்டவார்த்தையில் திட்டுவான்;
கோல் விழுந்ததும்
அவன்தான் முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பான்.

பத்திரிகை அவன் பெயரை மூன்று விதமாக எழுதியது,
மூன்றும் பிழை.
என் சம்பளச்சீட்டில் இடம் போதாமல்
நான் 'தில்லையம்ப' ஆகியிருந்தேன்.
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து
பொது மொழி ஒன்றுமில்லாமலேயே
சிரித்துக்கொண்டோம்.

மூன்றாம் பருவத்தில் முழங்கால் போனது.
சத்தம் பார்வையாளர் வரிசைவரை கேட்டதாம்.
காற்சட்டை என்னிடம் வந்தது
கத்தரியால் வெட்டப்பட்டு, இரண்டு துண்டாக.
தோய்க்கவா, எறியவா,
யாரும் சொல்லவில்லை.
தோய்த்தேன்.
யாரும் கேட்டு வரவுமில்லை.

பிறகு பதினாறு வருடம் கேள்விப்பட்டது மட்டும்:
தேகுவில் ஒரு பள்ளிக்கூட அணி,
ஏதோ தொழிற்சாலை அணியில் உதவிப் பயிற்சியாளர்,
ஒரு கிண்ணம், ஒரு பதவிநீக்கம்.
என் மகள் இதற்குள் கார் ஓட்டப் பழகிவிட்டாள்.
இயந்திரம் மூன்றுமுறை மாறியது.
கழகம் ஒரு படி இறங்கி, இன்னொரு படியும் இறங்கியது.

அவர் திரும்பி வந்தார்.
'அவன்' 'அவர்' ஆனது
கறுப்புக் கோட்டினால்தான்.
முதல் நாள் சலவையறைக் கதவில் நின்று
தில்லையம்பலம் என்றார்,
ஓர் எழுத்தும் சிந்தாமல்.

தலைமைப் பயிற்சியாளரின் கோட்டுகள்
என்னிடம் வருவதில்லை,
ஆற்றங்கரை உலர்சலவைக்காரனிடம் போகும்.
அவரை வாசிக்க எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கொடு. பந்தைக் கொடு. ஓடு, பிறகு கொடு.
கோட்டோரத்தில் நின்று கத்துவார்,
ரவாசியோவின் பழைய கெட்டவார்த்தைகளோடு.
பையன்கள் கொடுத்தார்கள்.
ஒழுங்காக, அழகாக, பக்கவாட்டில், பின்னால்,
கொடுத்துக் கொடுத்தே தோற்றார்கள்.
காற்சட்டைகள் சுத்தமாக வந்தன.
எனக்குத்தான் முதலில் தெரிந்தது.
யாரிடம் சொல்ல?

மார்ச். லாங்கன்தால்காரரோடு ஆட்டம்.
அன்று இயந்திரம் பழுது, நான் வேலியோரம் நின்றேன்.
தொண்ணூறாவது நிமிடம் பந்தொன்று
யாருக்குமில்லாமல் பெட்டிக்குள் மிதந்து வந்தது.
முன்னால் நின்ற பையன் தலையைத் திருப்பி
கொடுக்க ஆள் தேடினான்.
கோட்டோரத்தில், சேற்றில்,
ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர்
இல்லாத பந்தை
இடது காலால் அடித்தார்,
விழுந்துகொண்டே.

யாரோ சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவரை அனுப்பிவிட்டார்கள்.
புதன் காலை சலவையறைக் கொக்கியில்
ஒரு கறுப்புக் காற்சட்டை,
கோட்டோடு சேர்த்துத் தைத்தது.
வலது முழங்காலில்,
சரி, அதைச் சொல்லத் தேவையில்லை.

கம்பளித் துணிக்கு முப்பது பாகை.
வாளியைக் கவிழ்த்துப்போட்டு
வட்டக் கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்து
முழு ஆட்டத்தையும் பார்த்தேன்.