மறுகா

எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடம்.
மேசையில் மரத்தட்டு. தோளில் கைப்பை.
ஸ்கூட்டி சீற்றுக்கடியில்
மழைக்கோட்டோடு சுருண்டு கிடக்கும் விண்ணப்பங்கள்.
போனில் ஐந்து குழுக்கள்:
பிரதேச செயலகம், அனர்த்தம், வெற்றிலைச் சங்கம், கோயில்.
ஐந்தாவதை யார் தொடங்கினார்கள் என்று
களுதாவளையில் ஒருவருக்கும் தெரியாது.
காலை வணக்கத்துக்கும் தாமரைப் படத்துக்கும் நடுவே
யாரோ ஒருவருடைய கிணறு இடிந்திருக்கும்.
சந்தியில் குணரெத்தினத்தின் கடை,
"ஜீ.எஸ். மிஸ் வந்தாக் குடுங்க" என்று
பிஸ்கட் போத்தலுக்குக் கீழே செருகிய துண்டுகள்.
என் புருசன் தயாபரனின் போன், பத்தாவது.
பதினோராவது என் இடது உள்ளங்கை.
நீலப் பேனையால் எழுதிய அடையாள அட்டை இலக்கங்கள்
சோறு பிசையும் கைக்குத் தப்பி
சட்டி கழுவும்போது போய்விடும்.

புனிதமலர் ஆவணியில் கொடுத்த காகிதம்
கடையில் ஒரு கிழமை இருந்தது.
குணரெத்தினம் தயாபரனிடம் கொடுக்க
தயாபரன் சீற்றுக்கடியில் வைத்தார்.
கார்த்திகையில் நான் எடுத்தபோது
அவளுடைய பெயர் மை கரைந்து
பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்திருந்தது.
தகரத்துக்கான பட்டியல் அதற்கு முன்பே போய்விட்டது.

அவள் ஏசவில்லை.
"சரி மிஸ், மறுகா பாப்பம்" என்றாள்.
அது என்னுடைய சொல்.
ஒவ்வொருவருக்கும் நான் சொல்லி அனுப்பியது.

அன்றிரவு மூன்று குழுக்களிலிருந்து வெளியேறினேன்.
அடுத்த நாள் குணரெத்தினத்திடம் சொன்னேன்.
அவருக்குக் கோபம்.
துண்டு கொடுக்க வந்தவர்கள் தேத்தண்ணியும் குடித்தார்களாம்.
அனர்த்தக் குழுவை விட முடியாது, மழைக்காலம்.
செயலகக் குழுவை விட்டால் விளக்கம் கேட்பார்கள்.
மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு சி.ஆர். கொப்பி.
ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டி
பேனையையும் கட்டினேன்.
எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதுவேன்.

முதல் கிழமை ஒரு பிள்ளை நண்டு கீறியிருந்தது.
ஒருவர் "வாங்க" என்று மட்டும் எழுதியிருந்தார்.
எங்கே, யார், ஒன்றுமில்லை.
சாப்பாட்டு நேரத்தில் "ஒருத்தர் கோல் எடுத்தார்" என்று
தயாபரன் தொடங்க
"கொப்பியில எழுதச் சொல்லுங்க" என்றேன்.
அவர் இரண்டு நாள் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் கொப்பியில், அவருடைய கையெழுத்தில்:
காஸ் முடிஞ்சு.

பதினொன்று ஒன்றாகவில்லை, மூன்றாகியது.
மூன்றில்தான் எனக்குத் தெரிந்தது
அந்த மற்ற எட்டிலும் ஒளிந்திருந்தது
காகிதங்கள் மட்டுமல்ல.
"எனக்குக் கிடைக்கல்லையே" என்று சொல்ல
இப்போது இடமில்லை.
முதல் பக்கம், முதல் வரி, புனிதமலர், தகரம் பதினாறு.
"முடிந்தது" என்ற கட்டம் வெறுமையாக
ஒவ்வொரு காலையும் என்னைப் பார்க்கிறது.

நேற்றுப் பின்னேரம் கடல்பக்கமாக இருட்டிக்கொண்டு வந்தது.
சீற்றைத் தூக்கினேன்.
மழைக்கோட் மட்டும் இருந்தது.
போட்டுக்கொண்டு, செயலகத்தில் கெஞ்சி வாங்கிய
ஒரு தறப்பாளையும் கட்டிக்கொண்டு போனேன்.
படலையடியில் நின்று அவள் பார்த்தாள்.
உள்ளே மூன்று சட்டிகளில்
மூன்று விதமாய்ச் சொட்டும் சத்தம்.
"இந்த மழைக்குள்ளயா?
விட்ட மறுகா வந்திருக்கலாமே மிஸ்."